அமானத் பலகையும் கிரேக்க சயாஜியும்

பத்தாம் வகுப்பு மார்க்கு வந்தபோது எனக்குத் தத்துவம் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். யாங்கூனில் எந்த மேஜர் பாடம் படிப்பது என்பதை நாம் முடிவு செய்வதில்லை. மார்க்கு முடிவு செய்யும். நிறைய வாங்கினால் டாக்டர். கொஞ்சம் குறைந்தால் இன்ஜினியர். அப்படியே படி இறங்கிக்கொண்டே வந்தால், இனி இறங்க இடமில்லை என்கிற படியில் தத்துவம் உட்கார்ந்திருக்கும்.

இங்கே பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். எங்கள் குடும்பத்தில் அதை முடித்த முதல் ஆள் நான். அதனால் எது விழுந்தாலும் வீட்டில் சந்தோஷம்தான். அம்மா அக்கம்பக்கத்தில், "பெரிய மேஜராம், பேரு வாயில நுழைய மாட்டேங்குது" என்று சொல்லிவந்தார். ரயில்வே சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கும் அப்பா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"அதைப் படிச்சா என்ன வரும்?"

"யோசிக்க வரும்ப்பா."

"அதுக்குப் போயி காலேஜா? லோன்ஜியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ரோட்டோரமா குந்தினா தன்னால வருது."

அப்பா சொன்னதில் பாதி பலித்துவிட்டது. நான் தத்துவம் படித்தது கல்லூரியில் இல்லை. தொலைதூரக் கல்வியில் சேர்ந்து, பகலில் ஒரு போட்டோகாப்பிக் கடையில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலங்களில் மிங்கலா தாங்ஞுன்டில் எங்கள் தெருமுனையிலிருந்த பாய் கடையில் உட்கார்ந்து படித்தேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. மின்சாரம் போனால் எங்கள் தெருவில் அங்கேதான் பேட்டரி விளக்கு எரியும். மின்சாரம் போகாத சாயங்காலமும் அநேகமாக இல்லை.

இப்போது நான் நகரத்தின் மறுபக்கம் ஒரு பருப்பு ஏற்றுமதி அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கிருந்து தூத்துக்குடிக்கு உளுந்து போகிறது. அதற்கான மின்னஞ்சல்களை நான் எழுதுகிறேன். ஜெனரேட்டர் உண்டு, விளக்கு அணைவதில்லை. ஆனால் காலையிலிருந்து மாலை வரை இங்கே யாரும் யாரோடும் எதைப் பற்றியும் வாதாடுவதில்லை. சில நாள் கணினித் திரையைப் பார்த்தபடியே, ஆணியும் மண்ணெண்ணெயும் கலந்த அந்தக் கடையின் வாசனைக்கு மனம் போய்விடுகிறது.

பாய் விற்றது பூட்டு, ஆணி, அளக்கும் டேப், குடை, பிளாஸ்டிக் வாளி. ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி, அதன்மேல் சாக்கை மடித்துப் போட்ட இருக்கை, அதன்மேல் அறுபது தாண்டிய பாய். அவருக்குப் பின்னால், சுவரோடு சுவராக ஒரு நீளமான பலகை. அதில் இருந்தவை விற்பனைக்கில்லை. சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவரின் உபரி டயர், மீன் விற்கும் பர்மாக்கார அம்மாவின் நல்ல குடை, யாரோ ஒருவரின் டிபன் கேரியர், யாருடையதோ என்று தெரியாத துணி மூட்டை. எல்லாம் நம்பிக் கொடுத்து வைத்தவை. பாய் அதை அமானத் என்பார். தெரு முழுக்க, பர்மாக்காரர்கள் உட்பட, அந்தச் சொல்லையே சொன்னார்கள்.

அந்தப் பலகைக்கு ஒரு நடைமுறை இருந்தது. கொடுக்கும்போது, என்ன, எதற்கு என்று பாய் கேட்கமாட்டார். சீட்டு எழுதமாட்டார். காசு வாங்கமாட்டார். திரும்பக் கேட்டால், கேட்ட வாய் மூடுவதற்குள் எடுத்துக் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான். நம் ஜனங்களில் பலபேர் உள்ளதை விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிய காலத்தில் அவருடைய அத்தா, அதாவது அப்பா, இப்படி எத்தனையோ வீட்டுச் சாமான்களை வைத்திருந்து, வருஷங்கள் கழித்து வந்தவர்களுக்கும் திருப்பிக் கொடுத்தாராம். அதை பாய் பெருமையாகச் சொல்லமாட்டார். மற்றவர்கள் சொல்லும்போது டேப்பைச் சுருட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். கடை பெரிதாகவில்லை, பிள்ளைகள் மலேசியாவுக்குப் போய்விட்டார்கள், "கேட்டால் கொடுப்பவர்" என்ற பேர் மட்டும் இருந்தது.

கடைக்கு முன்னால் இளநீர் வண்டி போட்டிருந்த அண்ணனும் அவர் மனைவியும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவிலிருந்து தினமும் படகேறி வருபவர்கள். அண்ணன் வெட்டுவார், அக்கா ஸ்ட்ரா போட்டுக் கொடுப்பார். சாயங்காலம் திரும்பும்போது படகுத்துறையில் சிப்பாய்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள். நீளமான அரிவாளோடு ஒரு ஆள் இந்த நாட்களில் படகேற முடியுமா? அதனால் அண்ணனின் அரிவாளும் பலகைக்கு வந்தது. பொழுது சாயும்போது செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார், காலையில் வாங்கிக்கொள்வார். கொடுத்துவிட்டு உடனே போகவும் மாட்டார். படகுக்கு நேரமிருந்தால், மிஞ்சிய இளநீரை எனக்கும் பாய்க்கும் வெட்டிவிட்டு, "என்ன சயா, இன்னிக்கு என்ன பாடம்?" என்பார்.

பர்மாவில் சயா என்றால் ஆசிரியர். என்னை அப்படிக் கூப்பிடுவது முழுக்க முழுக்கக் கிண்டல்.

அந்த வருஷம் என் பாடத்தில் ஒரு பெரிய கேள்வி இருந்தது. பழைய கிரேக்கச் சிந்தனை, இடைக்கால மனிதர்களின் அறத்தையும் அரசியலையும் எப்படி மாற்றியது என்று விளக்க வேண்டும். குறிப்புகள் பாதி பர்மிய மொழியிலும் பாதி ஆங்கிலத்திலும் இருந்தன. எனக்குத் தமிழைவிட பர்மியம் வேகமாக வரும். ஆனாலும் இவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் தமிழில்தானே சொல்ல வேண்டும்? சொல்லத் தொடங்கிய பிறகுதான் எனக்கே பாடம் புரிய ஆரம்பித்தது. பெயர்கள் யாருக்கும் நிற்கவில்லை என்பதால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஓர் இளவரசனுக்குப் பாடம் சொன்ன அந்தக் கிரேக்கர் "சயாஜி", அதாவது பெரிய ஆசிரியர். அவருக்கு ஆசிரியராக இருந்தவர் "சயாஜியோட குரு". பதினைந்து நூற்றாண்டுக்குப் பிறகு அவருடைய கருத்துகளை எடுத்துக் கிறிஸ்தவ அறத்துக்குள் வைத்துத் தைத்த இத்தாலியத் துறவி "பொங்ஜி". பொங்ஜி என்றால் இங்கே புத்த பிக்கு. காவித்துணி இல்லாத வெள்ளைக்காரப் பொங்ஜி என்று நான் விளக்கியபோது அண்ணன் ரொம்ப நேரம் சிரித்தார்.

"கிரேக்கத்துலேர்ந்து அந்தப் பொங்ஜிக்கு எப்படிப் போச்சு?" என்று ஒருநாள் பாய் கேட்டார்.

"நேராப் போகல பாய். முதல்ல பாக்தாத்துக்கு. அங்க அரபியில மாத்தினாங்க. அங்கேருந்து ஸ்பெயினுக்கு. அங்க ஒரு காஜியார், தீர்ப்புச் சொல்றவரு, சயாஜி புத்தகத்துக்கெல்லாம் விளக்கம் எழுதினாரு. அதை லத்தீன்ல மாத்தித்தான் பொங்ஜி படிச்சாரு."

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நம்ம ஆளுங்க பார்சல் சர்வீஸ் நடத்தியிருக்காங்க!"

"வெறும் பார்சல் இல்ல பாய். பிரிச்சுப் பாத்து, சண்டை போட்டு, உள்ள எழுதியும் வெச்சு அனுப்பினாங்க."

"பிரிச்சா பாத்தாங்க?" என்றார் அண்ணன். "நம்ம பாய் பிரிக்க மாட்டாரே."

"அது புஸ்தகம்யா. அமானத்து இல்ல" என்றார் பாய்.

இன்னொரு நாள் அரசியல். அதுவரை ஐரோப்பாவில் பலர், மனிதன் பாவம் செய்தவன், அதற்குத் தண்டனையாகத்தான் அவன் தலைமேல் அரசு வந்தது என்று நம்பியிருந்தார்கள். சயாஜியைப் படித்த பிறகு, இல்லை, மனிதன் இயல்பாகவே சேர்ந்து வாழ்பவன், எல்லோருடைய நன்மைக்காகவும்தான் அரசு என்று எழுத ஆரம்பித்தார்கள். தன் நன்மைக்காக ஆள்பவன் அரசனே இல்லை என்றும் எழுதினார்கள். நான் சொல்லி முடித்ததும் அண்ணன் இளநீரைக் கீழே வைத்தார்.

"முன்னாடி சொன்னதுதான் சரி மாதிரி இருக்கு. நாம என்ன பாவம் செஞ்சோமோ!"

"மெதுவாப் பேசு" என்றார் பாய், தெருவைப் பார்த்துக்கொண்டே. ஆனால் அவருடைய தாடியும் சிரிப்பில் ஆடியது.

வாள் வந்தது அதற்கப்புறம் ஒரு சாயங்காலம். குருவின் நூலில் வரும் உதாரணம் அது. நண்பன் நல்ல புத்தியோடு இருக்கும்போது உன்னிடம் வாளைக் கொடுத்து வைக்கிறான். பிறகு புத்தி கலங்கிப்போய் வந்து கேட்கிறான். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம் என்றால், இப்போது கொடுப்பது நியாயமா?

"கொடுக்கக் கூடாதுன்னுதான் முடிவு பாய்" என்றேன்.

பாய்க்கு முகம் மாறிவிட்டது. "யாரு முடிவு பண்ணினது?"

"சயாஜியோட குரு. அப்புறம் பொங்ஜியும் அதேதான் சொல்றாரு."

"நல்லாச் சொன்னாங்க! வெச்சவன் கேட்டா கொடுக்கணும், தம்பி. அவன் புத்தி அவன் பாடு. நாளைக்கு அல்லா என்னைக் கேக்கறப்ப, அவனுக்குப் புத்தி சரியில்ல, அதான் நான் வெச்சுக்கிட்டேன்னு சொல்ல முடியுமா? நீ என்ன டாக்டரான்னு கேப்பான்."

"அப்ப நான் கிறுக்குப் புடிச்சு வந்து அரிவாளைக் கேட்டா?" என்று அண்ணன் இழுத்தார்.

"கொடுப்பேன்."

"நெசமா?"

"நீ கேளு. நான் கொடுக்கறேன். அமானத்துல வேற பேச்சே கிடையாது. தம்பி, தங்கச்சி, நீங்கள்லாம் சாட்சி."

அக்கா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவருக்குப் புதுசாக் கிறுக்கு வேற புடிக்கணுமா பாய்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

மழைக்காலம் முடியும் சமயம். ஒரு சாயங்காலம் அண்ணன் வழக்கம்போல அரிவாளைக் கொடுத்துவிட்டு, அக்காவோடு படகுத்துறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். ஓடி வந்திருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அரிவாளைக் கொடுங்க பாய்."

பாய் வழக்கப்படி எழுந்து, திரும்பி, பலகையிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துவிட்டார். அப்புறம்தான் அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

"படகு போயிருச்சா?"

"படகு இல்ல. நான் தன்லியினுக்குப் போறேன். பஸ்ஸு இருக்கு."

தன்லியினில், பாகோ ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு தொழிற்சாலையில் அக்காவின் தம்பி வேலை செய்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். விஷயம் துண்டு துண்டாக வந்தது. அன்று காலை அண்ணனும் அக்காவும் படகேறிய பிறகு, அந்த மச்சான் டாலாவுக்கு வந்து, அவர்களுடைய ஒரே மகனைக் கூட்டிப்போய், எல்லைக்கு அப்பால் ஆள் அனுப்பும் ஓர் ஏஜெண்டிடம் ஒப்படைத்துவிட்டார். பையன் இப்போது எல்லைக்குப் போகும் ஏதோ ஒரு வண்டியில் இருக்கிறான். படகுத்துறையில் நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொல்லித்தான் அண்ணனுக்குத் தெரிந்தது. பையனின் போன் அணைந்திருந்தது.

"எவனோ ஒருத்தன்கிட்ட என் புள்ளையத் தூக்கிக் கொடுத்திருக்கான். எங்க போறான், எவன் வாங்கறான், உசுரோட இருப்பானா, ஒண்ணும் தெரியல. அவனை வெட்டாம நான் படகேற மாட்டேன். கொடுங்க பாய்."

அவர் சத்தம் போடவில்லை. இளநீர் விலை சொல்வதுபோலத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

"கொடுக்காதீங்க பாய்" என்றேன்.

"நீ சும்மா இரு சயா! உன் வாளு கதையிலதான் அவரு சொன்னாரு, கேளு, கொடுக்கறேன்னு. நீயும்தானே சாட்சி? இப்பக் கேக்கறேன். கொடுங்க."

பாயின் கையில் பொட்டலம் இருந்தது. அதை அவர் பார்த்த பார்வை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கையை நீட்டினால் அவர் சொல் நிற்கும். அத்தாவின் பேர் நிற்கும். நீட்டவில்லையென்றால் வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஓர் அமானத்தை மறுத்தவர் ஆவார். பிறகு பெட்டிமேல் இருந்த சாக்கைத் தூக்கி, பொட்டலத்தை அதற்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"தர மாட்டேன்" என்றார்.

"பாய்!"

"நான் வாக்குத் தவறிட்டேன். தம்பி பாத்துக்கிட்டிருக்கான், தெருவும் பாக்குது. தர மாட்டேன்."

"என் சாமான் அது."

"உன் சாமான்தான்."

"என் சாமானை நீ வெச்சுக்கிட்டா உனக்கு என்ன பேரு? திருடன். நீ திருடன்!"

அதுவரை "நீங்க" என்றே பேசிய மனிதர். பாய் தலையைக் குனிந்துகொண்டார், எழுந்திருக்கவில்லை. அண்ணன் கல்லாமேல் தாவி அவரைத் தள்ளப் பார்த்தார். நான் குறுக்கே போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். குடைகள் சரிந்தன. அந்த நேரத்தில் மாலைத் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. எவ்வளவு வேலை கிடந்தாலும் பாங்கு கேட்டதும் கடையை என்னிடம் விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விடுகிறவர், அன்று அந்தப் பெட்டியைவிட்டு அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

அக்கா அப்போதுதான் வந்து சேர்ந்தார். செருப்பு ஒன்று அறுந்து கையில் இருந்தது. கடையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அருகில் வந்து, "என் தம்பியை வெட்டி என்ன ஆகப்போகுது? அவன் தானாச் செய்யல. நான் சொல்லித்தான் செஞ்சான்" என்றார்.

அண்ணன் என் பிடியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? அவன் வயசுப் பசங்க பட்டாளத்துக்குப் புடிபடாம யாரு மிச்சம் இருக்காங்க நம்ம பக்கம்? இங்கேயே வெச்சிருந்தா..."

அவர் அதை முடிக்கவில்லை. எங்களில் யாருக்கும் அதை முடித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டுபேரும் கடைசிப் படகுக்காக எழுந்து போனார்கள்.

மறுநாள் காலையில் அண்ணன் வந்து நின்றார். பாய் பொட்டலத்தைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். வண்டியை எதிர்ச்சாரிக்குத் தள்ளிக்கொண்டு போய் அங்கே நிறுத்திக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அன்று சாயங்காலம் நான் கடைக்குப் போனபோது, பாய் பலகையைக் காலிசெய்துகொண்டிருந்தார். சைக்காக்காரரைக் கூப்பிட்டு டயரைக் கொடுத்துவிட்டார். டிபன் கேரியருக்கு ஆள் அனுப்பிவிட்டார். மீன்கார அம்மா குடையை வாங்க மறுத்து, "என் குடைக்குமா பைத்தியம் பிடிக்கப்போகிறது?" என்று பர்மிய மொழியில் கத்தினார். பாய் குடையை அவருடைய கூடையில் வைத்தார்.

"எதுக்கு பாய் இது? நீங்க செஞ்சது சரிதானே?"

"சரிதான். நாளைக்கு அதேமாதிரி வந்து நின்னாலும் கொடுக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

அவர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் விடவில்லை. குறிப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சட்டம் எல்லாம் பொதுவாக நடப்பதை வைத்துத்தான் எழுதப்படுகிறது; சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டால், சட்டம் எதற்காக வந்ததோ அதற்கே கேடு வருகிற நேரம் ஒன்று வரும்; அப்போது சொல்லை விட்டு நோக்கத்தைப் பிடிக்க வேண்டும். சயாஜியிடமிருந்து பொங்ஜி எடுத்துக்கொண்ட பாடம் அது. அவரும் இதே வாளைத்தான் காட்டுகிறார். கொடுக்காமல் இருந்ததுதான் அமானத்தை மதித்தது என்றேன்.

"அந்தப் பொங்ஜி கடை வெச்சிருந்தாரா?"

"இல்ல பாய்."

"அவருகிட்ட தெருவுல யாராவது சாமான் கொடுத்து வெச்சாங்களா?"

"தெரியல."

"தெரிஞ்சுக்கிட்டு வா."

அடுத்த நாள் இன்னொன்று கொண்டுபோனேன். ஒரு தீவில் கொத்தனார்கள் ஈயத்தால் ஆன அளவுகோல் வைத்திருந்தார்களாம். கல் எப்படி வளைகிறதோ அப்படி அதுவும் வளையும். நியாயமும் சில நேரம் அப்படி வளைய வேண்டும் என்று சயாஜி சொல்கிறார்.

"வளையற கோலை வெச்சு அளந்தா என் கடையில ஒருத்தன் சாமான் வாங்க மாட்டான்."

"நீங்க விக்கற டேப்பு வளையுதே பாய்?"

அவர் டேப்பை எடுத்து இழுத்துப் பார்த்தார். "டேப்பு வளையும். இஞ்சு வளையாது" என்றார். பிறகு, எனக்காக என்று இல்லாமல், தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்.

"இவ்வளவு நாளும் நான் பலகை மாதிரி இருந்தேன் தம்பி. வெச்சா இருக்கும், கேட்டா வரும். பலகை யாரையும் பாத்து, நீ நல்லவனா கெட்டவனான்னு யோசிக்காது. அதனாலதான் எல்லாரும் வெச்சாங்க. எவனுக்குக் கொடுக்கலாம், எவனுக்குக் கூடாதுன்னு நான் முடிவு பண்ண ஆரம்பிச்சுட்டா, அப்புறம் நான் சாமான் காக்கறவன் இல்ல. ராஜா. ஒரு தடவை சரியா முடிவு பண்ணிட்டேன். அடுத்த தடவை எவன் மூஞ்சியாவது எனக்குப் புடிக்கலைன்னா? இந்தத் தெருவுக்கு ராஜா வேண்டாம்."

நல்ல சட்டம் ஆள்வது மேலா, நல்ல மனிதன் ஆள்வது மேலா என்று என் குறிப்புகளில் ஒரு தலைப்பு இருந்தது. கிரேக்கர்கள் கேட்டு, அரபியில் கேட்டு, லத்தீனில் கேட்டு, அரசர்களும் பாதிரிமார்களும் நூற்றாண்டுகளாகச் சண்டை போட்ட கேள்வி. அதை நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அதற்காக ஒரு மனிதர் தன் பலகையைக் காலிசெய்வார் என்று நினைத்ததில்லை. உரிமைக்காரர் யாரென்று தெரியாத அந்தத் துணி மூட்டை மட்டும், கொடுக்க ஆளில்லாமல் மூலையில் கிடந்தது.

அண்ணன் அரிவாளைக் கொஞ்ச நாள் எதிர்ச்சாரி டீக்கடையில் வைத்தார். அங்கே அதை வைத்து விறகு பிளந்து வாயை மழுக்கிவிட்டார்கள். வாய் போன அரிவாளோடு காலையில் அவர் இளநீரைக் கொத்துகிற சத்தம் பாய் கடை வரை கேட்கும். பாய் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். நான் நடுவில் உட்கார்ந்து படித்தேன். அந்த நாட்களில் யாரும் "இன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

பரீட்சை எழுதி முடித்த பிறகு, ஒரு சாயங்காலம் அண்ணனும் அக்காவும் ரோட்டைத் தாண்டி வந்தார்கள். அண்ணன் கல்லாவுக்கு முன்னால் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பையன் போன் பண்ணினான் பாய். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவறானாம். நல்லாத்தான் இருக்கான். அவன் மாமன்தான் கடைக்காரன்கிட்ட பேசி, நேராக் கொண்டுபோயி விடச் சொல்லியிருக்கான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய்.

"அன்னிக்கு நீங்க கொடுத்திருந்தா..."

"விடுய்யா."

அண்ணன் செய்தித்தாள் பொட்டலத்தைக் கல்லாமேல் வைத்தார். புதிதாகச் சாணை பிடித்திருந்தது. முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு தெரிந்தது.

"வெச்சுக்குங்க."

"நான் இப்ப வாங்கறதில்ல. உனக்குத் தெரியும். கேட்டா கொடுக்காதவன்கிட்ட யாரு வைப்பா?"

"நான் வைக்கறேன். கொடுக்காததாலதான் வைக்கறேன். எனக்குக் கிறுக்குப் புடிச்சா கொடுக்காதீங்க."

"கிறுக்கா இல்லையான்னு நான் எப்படிய்யா முடிவு பண்றது? அதானே வம்பு!"

"நீங்க முடிவு பண்ண வேண்டாம். காலையில வெட்டறதுக்குக் கேட்டாக் கொடுங்க. நேரங்கெட்ட நேரத்துல வந்து கேட்டா, இவளைக் கூப்பிடுங்க. இவ சரின்னா கொடுங்க, இல்லன்னா வேண்டாம். இது நானே சொல்றது. நல்ல புத்தியோட சொல்றேன். சயா சாட்சி."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "பாய், இதுதான் பாய்! ஆளப்படறவங்களே ஒத்துக்கிட்டு, ஆள்றவனுக்கு ஒரு எல்லை போடறது. பொங்ஜி காலத்துக்கு அப்புறம் சயாஜியைப் படிச்சவங்க இதைத்தான்..."

"தம்பி, வாயை மூடு" என்றார் பாய். ஆனால் அவர் கை பொட்டலத்தின்மேல் இருந்தது. அக்காவைப் பார்த்தார். "தங்கச்சி, உனக்குச் சம்மதமா?"

"எனக்குச் சம்மதம்தான்" என்றார் அக்கா. "எனக்குக் கிறுக்குப் புடிச்சா யாரைக் கூப்பிடுவீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். அக்கா ஒருவர்தான் சிரித்தார். பாய் பொட்டலத்தை எடுத்து, பெட்டிமேல் ஏறி நின்று, துணியால் பலகையின் தூசியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைக்க ஆரம்பித்தார்.